ஊர் வீட்டுக் கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? மினுக்கும் சாவி விளக்கை இப்படிப் பாருங்கள்

முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ரயிலேறி காரைக்குடி வந்து இறங்குகிறோம். ஊர் வீட்டு ஷெட்டில் நிற்கிற காரை எடுத்தால் செல்ஃப் முனகுகிறது. மீட்டரில் சிவப்பாக ஒரு சாவிப் படம், சில கார்களில் காரும் பூட்டும் சேர்ந்த படம், படபடவென்று மினுக்குகிறது. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் பக்கம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

போன தை மாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. "சாவி கெட்டுப்போச்சுப்பா" என்றார்கள் அப்பச்சி. பார்க்க வந்தவரும் அதையே சொல்லி, புதுச் சாவிக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தேன்: 11.6 வோல்ட். பக்கத்து வீட்டுக் காரிலிருந்து கேபிள் போட்டதும் விளக்கு தானாக அணைந்தது, வண்டியும் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன். விளக்கு சாவியைக் காட்டினாலும் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

அந்த விளக்கு என்ன சொல்கிறது

உங்கள் கார் சாவியின் தலைக்குள் அரிசியை விடச் சற்றுப் பெரிய சிப் ஒன்று இருக்கிறது. அதற்குத் தனி பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் வளையம் இருக்கும். அதிலிருந்து வரும் மின்காந்த அலையிலேயே சிப் உயிர்பெற்று தன் குறியீட்டைச் சொல்லும். அது சரியாக இருந்தால்தான் இன்ஜினுக்கு பெட்ரோலும் ஸ்பார்க்கும் போகும். இதன் பெயர் இம்மொபிலைசர்.

வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகு விளக்கு மெதுவாக விட்டு விட்டு மினுக்கினால் அது காவல் இருக்கிறது என்று அர்த்தம், பழுது இல்லை. சாவியை ஆன் பக்கம் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி எரிந்து அணைந்தால் சாவியை வண்டி ஏற்றுக்கொண்டது. அணையாமல் நின்றாலோ வேகமாக மினுக்கினாலோதான் கோளாறு. வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும் என்பதால் கையேட்டில் அந்தப் படத்தை ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: காதைக் கொடுத்துக் கேளுங்கள்

சாவியைத் திருப்பும்போது "டிக் டிக்" என்று மட்டும் கேட்டு, மீட்டர் விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காமல், அல்லது பிடித்து ஓரிரு விநாடியில் அணைந்து, கூடவே சாவி விளக்கும் மினுக்கினால் இம்மொபிலைசர் தடுக்கிறது. செல்ஃப் சுற்றுகிறது, சாவி விளக்கும் ஒழுங்காக அணைந்துவிட்டது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால் சாவியை விட்டுவிடுங்கள். அது பெட்ரோல் பம்ப், ஸ்பார்க் பக்கத்து வேலை.

சத்தமே இல்லை என்றால் பதறாமல் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஆட்டோமேட்டிக் என்றால் P-யில் இருக்கிறதா, கிளட்சும் பிரேக்கும் முழுதாக மிதிபட்டிருக்கிறதா பாருங்கள். சாவியே திரும்பவில்லை என்றால் ஸ்டேரிங் லாக். ஸ்டேரிங்கை இடமும் வலமும் லேசாக அசைத்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுவிடும்.

படி 2: பேட்டரி

இங்கேதான் பொறுமையாக நேரம் செலவழிக்க வேண்டும். பூட்டி நிறுத்திய காரும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் என்று கொஞ்சம் கொஞ்சமாக கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். 40 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 1 ஆம்பியர்-அவர். சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி, புதிதாகவே இருந்தாலும், ஒரு மாதத்தைக் கொஞ்சம் தாண்டினால் காலி.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்புக் கம்பியை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள். 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் விளக்கை நம்பி சாவியைக் குறை சொல்லாதீர்கள். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி அந்த நேரத்து அளவையும் பாருங்கள். 9.6-க்குக் கீழே விழுந்தால் செல்ஃப் இழுக்கிற இழுப்பில் கம்ப்யூட்டரே மயங்கிவிடும், சிப்பைப் படிக்க முடியாமல் விளக்கு மினுக்கும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

டெர்மினலையும் பாருங்கள். எங்கள் காரின் பிளஸ் முனையில் நீலமும் வெள்ளையுமாக உப்பு பூத்து, அப்பளம் போல அடுக்கடுக்காக உதிர்ந்தது. வெந்நீர் ஊற்றி பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் அமிலம் இருக்கும். பிறகு 10-ஆம் நம்பர் ஸ்பானரால் கிளாம்பை இறுக்குங்கள். கையால் ஆட்டினால் அசையவே கூடாது.

கேபிள் போடும் வரிசை: சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை நம் வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரிக்கு மேலேயே கோர்த்தால் பொறி பறந்து ஆபத்து. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நம் வண்டியை எடுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில். லாரிக்காரர் உதவிக்கு வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். லாரி 24 வோல்ட், நம் காரின் எலக்ட்ரானிக்ஸ் எரிந்துவிடும்.

படி 3: சாவிக்கொத்தைப் பிரியுங்கள்

பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு மினுக்குகிறதா? கார் சாவியைத் தனியாகக் கழற்றுங்கள். நம் வீடுகளில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் கையில் முகப்புக் கதவு, இரண்டாம் கட்டு அறைகள், பெட்டகம், இன்னொரு கார் என்று எல்லாச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்கும். கனமான இரும்பும் இன்னொரு காரின் சிப்பும் பக்கத்தில் இருந்தால் சாவித் துவாரத்துக் கம்பிச்சுருள் குழம்பிப்போகும். தனிச் சாவியைப் போட்டு ஆன் செய்து விளக்கைப் பாருங்கள்.

ஸ்பேர் சாவி இருந்தால் அதுதான் சிறந்த சோதனை. ஸ்பேரில் வண்டி எடுத்தால் கோளாறு முதல் சாவியின் சிப்பில். சமீபத்தில் சாவியின் பிளாஸ்டிக் கூட்டை மாற்றினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பழைய கூட்டுக்குள்ளேயே சிப் ஒட்டிக்கொண்டு, கூட்டோடு குப்பைக்குப் போவது உண்டு. அதனால் கூடு மாற்றும்போது பழையதைக் கையோடு வாங்கி வாருங்கள்.

ரிமோட்டில் கதவு திறக்கவில்லை என்பது வேறு விஷயம். அது ரிமோட்டின் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி. சாவி திருகும் வண்டியில் அதனால் இன்ஜின் நிற்காது. ஸ்டார்ட் பட்டன் வண்டியில் மட்டும் நிற்கலாம். அப்போது பிரேக்கை மிதித்துக்கொண்டு ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பல கார்களில் எடுத்துக்கொள்ளும்.

படி 4: ஃப்யூஸும் எலியும்

ஃப்யூஸ் பெட்டி மூடியின் உள்பக்கப் படத்தில் இம்மொபிலைசர், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்), இக்னிஷன் என்று போட்டிருப்பதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுக்கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் புதிது போடுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் ஒயரிங் கருகும்.

பானெட்டுக்குள் டார்ச் அடியுங்கள். ஷெட்டில் விறகும் பழைய சாக்கும் கிடந்தால் எலி நிச்சயம் இருக்கும். புழுக்கை, கடித்த ஒயர், உள்ளே தெரியும் செம்புக் கம்பி எது கண்ணில் பட்டாலும் ஸ்டார்ட் பண்ணாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இதற்கு மேல் நீங்கள் கை வைக்க வேண்டாம்

இரண்டு சாவியிலும் எடுக்கவில்லை, பேட்டரி 12.5, ஃப்யூஸ் சரி என்றால் சாவித் துவாரத்துக் கம்பிச்சுருளோ கன்ட்ரோல் யூனிட்டோ பழுது. ஸ்கேனர் போட்டுப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். "ஒயரை நேரா கோத்துத் தரேன்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். திருட்டைத் தடுக்க இருப்பதையே அறுப்பது அது. இம்மொபிலைசர் தடுக்கிற வண்டியைத் தள்ளினாலும் எடுக்காது. செல்ஃப்பையும் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்க வேண்டாம்.

வண்டி எடுத்த பிறகு

ஷெட்டிலேயே ஐடிலில் விட்டால் சார்ஜ் சரியாக ஏறாது. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்புங்கள். ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் காட்டினால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. காலியாகவே பல மாதம் கிடந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும், பிறகு எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-ல் திறந்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பேட்டரி ஆராய்ச்சி செய்கிற ஊர் நம் காரைக்குடி. அந்த ஊரில் நல்ல பேட்டரி கவனிப்பாரில்லாமல் சாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறுபடி ஊரை விட்டுக் கிளம்பும் நாளில் இதைச் செய்யுங்கள்: சாவியை ஆஃப் செய்து வெளியே எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து பேட்டரியின் மைனஸ் கிளாம்பை மட்டும் கழற்றி துணி சுற்றி ஒதுக்குங்கள். ரேடியோவுக்கு ரகசியக் குறியீடு உண்டென்றால் முன்பே எழுதி வையுங்கள். அதன்பின் ரிமோட்டில் கதவு பூட்டாது, டிக்கியும் பல வண்டிகளில் திறக்காது. கதவை இரும்புச் சாவியால் பூட்டி, பார்த்துக்கொள்கிறவரிடம் ஸ்பேரைக் கொடுக்கும்போது அதைச் சாவிக்கொத்தில் கோர்க்காமல் தனியாகவே கொடுங்கள்.