மெக்னீசியத் துண்டுக்குப் பூச்சு போடுவது எப்படி

மெக்னீசியத்துக்குப் பூச்சு போட உட்காருகிற பலர் அரிப்பை அடியோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். அது தேவையே இல்லை. உடைந்த எலும்பைப் பிடித்து வைக்கும் மெக்னீசியத் திருகு, எலும்பு கூடும் வரை தாங்க வேண்டும், அப்புறம் அது கரைந்து போகத்தான் வேண்டும். பூச்சு அந்தக் கரைதலைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் போதும். கீழே இருப்பது ஆய்வகத்தில் பழகுவதற்கான வழி, நோயாளிக்குள் வைப்பதற்கு அல்ல.

பாதி வேலை உப்புத்தாளிலேயே முடிந்துவிடும். 1200 எண் நைசுத் தாள் வரை படிப்படியாகத் தேயுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், எத்தனால் போதும். தண்ணீர் பட்டதுமே மெக்னீசியம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விட ஆரம்பித்துவிடும். கூரான விளிம்புகளையும் மறக்காமல் மழுக்கிவிடுங்கள். பூச்சு அங்கேதான் மெலிந்து நிற்கும், முதல் குமிழியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, அடுத்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 80 டிகிரியில் ஓர் இரவு. பிஹெச் 11-ஐத் தாண்டினால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு கரையாமல் உலோகத்தின் மேலேயே படியும். உடம்பின் பிஹெச் 7.4, போதாக்குறைக்கு குளோரைடு வேறு, அதனால் இந்தப் படலம் தனியாக அங்கே நிற்காது. அதன் மேல் பாலிலாக்டிக் அமிலம் (உடம்புக்குள் மெல்லச் சிதையும் ஒரு பிளாஸ்டிக்) வேண்டும்: குளோரோஃபார்மில் 5 சதவீதம் கரைத்து, நச்சு ஆவியை வெளியே இழுக்கும் புகைபோக்கிப் பெட்டிக்குள் வைத்துத் துண்டை முக்கி, அவசரப்படாமல் ஒரே சீராக மேலே இழுங்கள், கை நடுங்கினால் வரி விழும். காய்ந்ததும் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை முக்கி, வெற்றிட அடுப்பில் கரைப்பானை முழுசாகப் போக்குங்கள்.

சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். துண்டை 37 டிகிரியில் உடல்திரவம் போன்ற கரைசலில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன் மேல் கரைசல் நிரப்பிய பியூரெட்டை (அளவுக் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) தலைகீழாக நிறுத்துங்கள். சேர்கிற ஹைட்ரஜன் ஒரு மில்லிலிட்டர் என்றால் கரைந்த மெக்னீசியம் ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். பூச்சில்லாத துண்டு ஒன்றையும் பக்கத்திலேயே ஓடவிடுங்கள், அது இல்லாமல் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. டிரிஸ் (பிஹெச்சை மாறாமல் வைக்கும் பொருள்) சேர்த்த கரைசலில் அரிப்பு வேகமாகத் தெரியும், அதைப் பார்த்து பூச்சு மோசம் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பூச்சுக்கு அடியில் கொப்புளம் எழும்பினால் உள்ளே ஹைட்ரஜன் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேலே இன்னொரு அடுக்கு பூசி அதை அடக்க முடியாது, உரித்துவிட்டு உப்புத்தாளிலிருந்து தொடங்குங்கள்.