வாலிபால் அணி ஒலிம்பிக்குக்கும் உலகச் சாம்பியன்ஷிப்புக்கும் தகுதி பெறுமா? நீங்களே கணக்குப் போடும் முறை

வாலிபாலில் ஒரு நாட்டு அணி பெரிய போட்டிக்குள் நுழைய நான்கைந்து வழிகள்தான் உண்டு: போட்டியை நடத்தும் நாடாக இருப்பது, நடப்புச் சாம்பியனாக இருப்பது, கண்டப் போட்டியில் முன்னணி இடம் பிடிப்பது, தகுதிச் சுற்றில் வெல்வது, உலகத் தரவரிசையில் போதுமான உயரத்தில் நிற்பது. எந்தப் போட்டிக்கு எந்த வழியில் எத்தனை இடம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் போன ஒலிம்பிக்கின் விதியை மனதில் வைத்துக்கொண்டு இந்த ஒலிம்பிக்குக்குக் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். சர்வதேச வாலிபால் கூட்டமைப்பு அந்தப் போட்டிக்கென்று வெளியிட்ட தகுதி விதியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும்: மொத்த இடங்களும் அவை பிரியும் விதமும், எந்தத் தேதியின் தரவரிசை செல்லும் என்பது, ஒரே அணி இரண்டு வழிகளில் தகுதி பெற்றால் மிஞ்சும் இடம் யாருக்குப் போகும் என்பது.

இடங்களைப் பிரித்து எழுதுதல்

2025 உலகச் சாம்பியன்ஷிப்பை எடுத்துக்கொள்வோம். ஆண்கள் போட்டி பிலிப்பைன்ஸிலும் பெண்கள் போட்டி தாய்லாந்திலும் நடந்தன. 2022 வரை 24 அணிகள் ஆடிய போட்டி, 2025இல் 32 அணிகளாக விரிந்தது. நடத்தும் நாட்டுக்கு 1, நடப்புச் சாம்பியனுக்கு 1. ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, வட மத்திய அமெரிக்க கரீபியன் என ஐந்து கண்டக் கூட்டமைப்புகளின் 2023 சாம்பியன்ஷிப்புகளில் முதல் மூன்று இடம் பிடித்த அணிகளுக்கு 15. மீதி 15 இடங்கள் உலகத் தரவரிசைப்படி.

ஒரு தாளில் 32 கோடு போட்டு, இந்த வரிசையிலேயே பெயர்களை நிரப்புங்கள். தரவரிசை இடங்களைக் கடைசியில்தான் நிரப்ப வேண்டும். முதலிலேயே தரவரிசையைத் திறந்து வைத்துக்கொண்டு 'முதல் 15க்குள் வரவேண்டும்' என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. மற்ற வழிகளில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்ட அணிகளை அடித்துவிட்டு, மிஞ்சியவற்றில் முதல் 15ஐ எண்ண வேண்டும். முன்னணி அணிகளில் பல கண்டப் போட்டி வழியாகவே நுழைந்துவிடுவதால், தரவரிசைக் கோடு 15ஆம் இடத்தில் விழாது, அதற்கு வெகு கீழே விழும்.

அடுத்தது, ஒரே அணியின் பெயர் இரண்டு இடத்தில் வருவது. 2023 பெண்கள் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தாய்லாந்து முதலிடம், சீனா இரண்டாமிடம், ஜப்பான் மூன்றாமிடம். ஆனால் தாய்லாந்து போட்டியை நடத்தும் நாடாக ஏற்கெனவே உள்ளே இருந்தது. அந்த ஆசிய இடம் நான்காவதாக வந்த வியட்நாமுக்குப் போனது. வியட்நாம் பெண்கள் அணி முதன்முறையாக உலகச் சாம்பியன்ஷிப்பில் ஆடியது இப்படித்தான். ஐரோப்பாவிலும் இதே கதை: பெண்கள் போட்டியில் இரண்டாமிடம் பிடித்த செர்பியா நடப்பு உலகச் சாம்பியன் என்பதால், நான்காமிடத்தில் இருந்த இத்தாலிக்குக் கண்ட இடம் கிடைத்தது. அந்த இத்தாலிதான் 2025இல் கோப்பையையும் வென்றது. ஆகவே கண்டப் போட்டியில் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் தோற்ற அணியை உடனே அடித்துவிடாதீர்கள். அதற்கு மேலே இருக்கும் மூவரில் யாராவது வேறு வழியில் தகுதி பெற்றவரா என்று பாருங்கள்.

ஒலிம்பிக்: 12 இடம் மட்டும்

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 12. அவ்வளவுதான். 2024 பாரிஸுக்கான ஏற்பாடு இது: நடத்தும் நாடான பிரான்சுக்கு 1. 2023இல் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் எட்டெட்டு அணிகள் கொண்ட மூன்று குரூப்புகள், ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகளுக்கு இடம், ஆக 6. மீதி 5 இடம், முன்னணி நாட்டு அணிகள் ஆண்டுதோறும் மோதும் நேஷன்ஸ் லீக் போட்டியின் 2024 முன்சுற்று முடிந்ததும் எடுத்த தரவரிசைப்படி. அதிலும் ஒரு முன்னுரிமை உண்டு. எந்தக் கண்டத்திலிருந்து ஒரு அணியும் அதுவரை தகுதி பெறவில்லையோ, அந்தக் கண்டத்தின் உயர்ந்த தரவரிசை அணிக்கு முதலில் இடம்.

ஆண்களில் ஜெர்மனி, பிரேசில், அமெரிக்கா, ஜப்பான், போலந்து, கனடா தகுதிச் சுற்று வழியாக வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து யாரும் இல்லை. எனவே எகிப்துக்கு இடம் உறுதியானது. மிஞ்சிய நான்கில் ஸ்லோவேனியா, இத்தாலி, அர்ஜென்டினா, செர்பியா. தரவரிசையில் எகிப்துக்கு மேலே இருந்த கியூபா வெளியே நின்றது. பெண்களில் அதேபோல் கென்யா ஆப்பிரிக்காவின் பெயரால் வந்தது. கண்டத்துக்கு ஒரு இடம் என்பதைச் சிலர் அநியாயம் என்பார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிம்பிக் என்றால் ஐந்து கண்டமும் இருக்க வேண்டும். எங்களுக்குக் குறையாகப் பட்டது வேறு. பாரிஸ் விதியில் கண்டச் சாம்பியன் பட்டத்துக்கு நேரடி மதிப்பே இல்லை. 2023இல் ஆசியாவையே வென்ற தாய்லாந்து பெண்கள் அணி பாரிஸுக்குப் போகவில்லை.

2028 லாஸ் ஏஞ்சலஸுக்கு இது சரிசெய்யப்பட்டிருக்கிறது. நடத்தும் நாடு என்ற முறையில் அமெரிக்காவுக்கு 1, 2026 கண்டச் சாம்பியன்ஷிப்புகள் வழியாக 5, 2027 உலகச் சாம்பியன்ஷிப்பில் அதுவரை தகுதி பெறாத அணிகளில் முன்னணியில் வரும் மூன்றுக்கு 3, உலகத் தரவரிசையில் 3. தனியாக ஒலிம்பிக் தகுதிச் சுற்று என்று ஒன்று இல்லை. இதன் விளைவை நன்றாகக் கவனியுங்கள்: ஐரோப்பாவில் உலகின் முதல் பத்துக்குள் இருக்கும் அணிகள் பல. அவற்றுள் ஒன்றுதான் கண்டச் சாம்பியன் ஆக முடியும். மற்றவை எல்லாம் உலகச் சாம்பியன்ஷிப்பின் மூன்று இடத்துக்கும் தரவரிசையின் மூன்று இடத்துக்கும் மோத வேண்டும். வலிமை குறைந்த கண்டத்தில் ஒரு நல்ல வாரம் போதும். ஐரோப்பிய அணிக்கோ இரண்டு வருடத் தரவரிசைக் கணக்கு தேவை.

தரவரிசைப் புள்ளியைக் கணக்கிடுதல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். 2020 முதல் நடப்பில் உள்ள முறையில், ஒவ்வொரு அதிகாரபூர்வ ஆட்டமும் முடிந்தவுடன் புள்ளி கைமாறும். ஒரு அணிக்குக் கூடியது எதிரணிக்குக் குறையும். நட்பு ஆட்டங்களுக்கு மதிப்பில்லை. சொந்த ஊர் மைதானத்துக்குச் சலுகையும் இல்லை, கழிவும் இல்லை. யார் வென்றார் என்பதைவிட, எதிர்பார்த்ததைக் காட்டிலும் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பதையே அது அளக்கிறது.

ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மதிப்பு உண்டு. செட் கணக்கில் 3-0 வெற்றிக்கு 2, 3-1க்கு 1.5, 3-2க்கு 1. தோல்விக்கு அதே எண்கள் கழித்தல் குறியோடு: 2-3க்கு −1, 1-3க்கு −1.5, 0-3க்கு −2.

இனி கணக்கு. இரு அணிகளின் தரவரிசைப் புள்ளிகளின் வித்தியாசத்தை (உங்கள் அணி கழித்தல் எதிரணி) 8ஆல் பெருக்கி 1000ஆல் வகுங்கள். கிடைக்கும் எண்ணை −1.06, −0.394, 0, 0.394, 1.06 என்ற ஐந்து எண்களோடும் தனித்தனியே கூட்டுங்கள். எக்செல் போன்ற கணக்குத் தாளில் திட்ட இயல்நிலைப் பரவலின் திரள் மதிப்பைத் தரும் செயல்பாடு உண்டு: NORM.S.DIST(எண், TRUE). ஐந்தையும் அதில் கொடுத்தால் 0க்கும் 1க்கும் இடையே ஐந்து எண்கள் வரும். முதல் எண் 3-0 வெற்றிக்கான வாய்ப்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் 3-1க்கான வாய்ப்பு. இப்படியே ஐந்தாவது வரை போய், கடைசியில் 1இலிருந்து ஐந்தாவதைக் கழித்தால் 0-3க்கான வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்பையும் அதற்குரிய மதிப்பால் பெருக்கிக் கூட்டினால் எதிர்பார்க்கும் மதிப்பு கிடைக்கும். நடந்த முடிவின் மதிப்பிலிருந்து அதைக் கழித்து, போட்டியின் எடையால் பெருக்கி, 8ஆல் வகுத்தால் கைமாறும் புள்ளி.

எடை போட்டிக்குப் போட்டி மாறும். ஒலிம்பிக் 50, உலகச் சாம்பியன்ஷிப் 45, நேஷன்ஸ் லீக் 40, கண்டச் சாம்பியன்ஷிப் 35. இறங்கிக்கொண்டே போய்ச் சிறு கண்டப் போட்டிகளுக்கு 10.

மூன்று நிலைகளைப் போட்டுப் பார்ப்போம். இரு அணிகளும் சமம், நேஷன்ஸ் லீக் ஆட்டம் என்றால் எதிர்பார்க்கும் மதிப்பு 0. 3-0க்கு 10 புள்ளி, 3-1க்கு 7.5, 3-2க்கு 5. எதிரணி நேரடிப் போட்டியாளர் என்றால் விளைவு இரட்டிப்பு. 3-0 வென்றால் இடைவெளி 20 புள்ளி மாறும்.

அடுத்து, உங்கள் அணி 100 புள்ளி மேலே. எதிர்பார்க்கும் மதிப்பு சுமார் 1.03. நேஷன்ஸ் லீக்கில் 3-0 வென்றால் ஏறக்குறைய 4.9 புள்ளி கூடும். 3-2 வென்றால் ஒன்றும் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். 0-3 தோற்றால் 15 புள்ளி போய்விடும்.

மூன்றாவது, 200 புள்ளி மேலே. கண்டச் சாம்பியன்ஷிப்பில் ஒரு பெரிய அணி சிறிய அணியைச் சந்திக்கும் நிலை இது. 3-0 வென்றால் சுமார் 1.4 புள்ளிதான். ஒரு செட் விட்டு 3-1 என்று வென்றாலும் கணக்கில் ஏற்றமில்லை. 0-3 தோற்றால் 16 புள்ளி நஷ்டம்.

'வென்றும் ஏன் ஏறவில்லை' என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பலவீனமான அணியிடம் மாற்று வீரர்களை இறக்கி ஒரு செட்டை விட்டுக்கொடுக்கும் பயிற்சியாளர், ஆட்டத்தை வென்றாலும் தரவரிசையில் ஒன்றும் சம்பாதிப்பதில்லை. மறுபுறம், தன்னைவிட 100 புள்ளி மேலே உள்ள அணியிடம் 2-3 என்று தோற்ற அணிக்கு நஷ்டமே இல்லை. இரண்டு செட் பின்தங்கிய பிறகும் மூன்றாவது செட்டை உயிரைக் கொடுத்து ஆடுவதற்கு இது போதுமான காரணம்.

நேஷன்ஸ் லீக்கின் முக்கியத்துவமும் இங்கிருந்தே வருகிறது. 2025 முதல் அதில் 18 அணிகள். முன்சுற்றில் மட்டும் ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டம், எல்லாம் எடை 40. அதற்கு வெளியே இருக்கும் அணி எடை 10 உள்ள போட்டியில் தனக்குச் சமமான அணியை 3-0 என்று வென்றாலும் 2.5 புள்ளிதான். வெளியே நிற்கும் அணி தரவரிசை வழியாகப் பெரிய போட்டிக்கு ஏறுவது மிகவும் மெதுவான வேலை. அப்படிப்பட்ட அணிக்குக் கண்டச் சாம்பியன்ஷிப்பின் முதல் மூன்று இடமே நடைமுறையில் உள்ள வாசல். அதன் ஆண்டுத் திட்டம் முழுவதும் அந்த ஒரு போட்டியைச் சுற்றி அமைய வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

குரூப் பட்டியலில் சமநிலை வந்தால்

தகுதிச் சுற்றுக் குரூப்பில் வெற்றிகளின் எண்ணிக்கையே முதலில் பார்க்கப்படும். அதற்குப் பிறகுதான் ஆட்டப் புள்ளி. 3-0, 3-1 என்றால் வென்றவருக்கு 3, தோற்றவருக்கு 0. 3-2 என்றால் 2ம் 1ம். ஏழு ஆட்டத்தில் ஒரு அணி ஐந்தை 3-2 என்று வென்று, இரண்டில் 0-3 தோற்றால் 10 புள்ளி. இன்னொரு அணி நான்கை 3-0 என்று வென்று, மூன்றை 2-3 தோற்றால் 15 புள்ளி. மேலே வருவது 10 புள்ளி அணிதான், வெற்றி ஒன்று கூடுதல் என்பதால்.

வெற்றியும் புள்ளியும் சமம் என்றால் செட் விகிதம், அதுவும் சமம் என்றால் ஆட்டத்தில் எடுத்த பாயின்ட்களின் விகிதம். இரண்டும் கழித்தல் கணக்கு அல்ல, வகுத்தல் கணக்கு. 16 செட் வென்று 8 இழந்த அணிக்கு 2.000. 18 வென்று 10 இழந்த அணிக்கு 1.800. இரண்டுக்கும் வித்தியாசம் 8தான், ஆனால் முன்னது மேலே. கூடுதலாக வெல்வதைவிடக் குறைவாக இழப்பதற்கு இங்கே மதிப்பு அதிகம்.

கணக்கு பிசகும் இடங்கள்

தேதி. தகுதிக்கு எடுக்கப்படும் தரவரிசை இன்றையதாக இருக்க வேண்டியதில்லை. 2023 ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கான 24 அணிகளை 2022 உலகச் சாம்பியன்ஷிப் முடிந்த கையோடு எடுத்த தரவரிசை முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு அணி எவ்வளவு ஏறினாலும் அந்தச் சுற்றுக்குப் பயன்படவில்லை. அதேபோல், தேதிக்கு முந்தைய கடைசி வாரத்தில் உங்கள் அணிக்கு ஆட்டம் இல்லையென்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. கீழே இருப்பவர்கள் ஆடிக்கொண்டிருந்தால் அவர்கள் தாண்டிப் போகலாம். அந்த வாரத்தில் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று அட்டவணையை எடுத்து, மேலே சொன்ன கணக்கில் ஒவ்வொரு முடிவையும் போட்டுப் பாருங்கள்.

விலக்கப்பட்ட அணிகள். 2022இல் ரஷ்யா தடை செய்யப்பட்டபோது, ஆண்கள் உலகச் சாம்பியன்ஷிப்பை நடத்தும் உரிமையும் அதனிடமிருந்து போய், போட்டி போலந்திலும் ஸ்லோவேனியாவிலும் நடந்தது. ரஷ்யாவின் இடம் ஆண்களில் உக்ரைனுக்கும் பெண்களில் குரோஷியாவுக்கும் கிடைத்தது, தகுதி பெறாதவற்றில் தரவரிசையில் அடுத்து இருந்தவை என்பதால். தடையில் இருக்கும் அணியின் பெயர் தரவரிசைப் பட்டியலில் தெரிந்தாலும், தகுதிக் கோட்டை எண்ணும்போது அதைத் தாண்டி எண்ண வேண்டும்.

தகுதி பெற்ற பிறகும் தரவரிசை வேலை செய்துகொண்டே இருக்கும். 2025 உலகச் சாம்பியன்ஷிப்பில் நான்கு அணிகள் கொண்ட எட்டு குரூப்புகள். நடத்தும் நாட்டையும் தரவரிசையில் முன்னணியில் இருந்த ஏழு அணிகளையும் தனித்தனிக் குரூப்பின் தலையில் வைத்தார்கள். ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு அணிகளே நாக் அவுட்டுக்குப் போயின. முதல் வரிசைக்கு ஓரிடம் தவறிய அணி, தன் குரூப்பிலேயே ஒரு முன்னணி அணியைச் சந்திக்கும். எனவே தகுதி உறுதியான அணிகளின் ஆட்டங்களையும் கணக்கிலிருந்து விடாதீர்கள். யார் எந்த வரிசையில் நிற்பார்கள் என்பதை அந்த ஆட்டங்களும் மாற்றும்.