குடுவைத் தாவரத்துக்கு ஏற்ற தொட்டி

மேகாலயத்தின் மலைச்சரிவுகளில் வளரும் நெப்பந்தஸ் காசியானாவும், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்துக்கே உரிய நெப்பந்தஸ் டிஸ்டிலட்டோரியாவும் குடுவைத் தாவரங்கள்; அவை குடுவையில் பூச்சியைப் பிடித்து உண்பதற்குக் காரணம், அவை வேரூன்றும் மண்ணில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மிகக் குறைவாக இருப்பதே. சத்தற்ற, சற்றே புளிப்பான மண்ணுக்குப் பழகிய அந்த வேர்கள், உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கருகிவிடுகின்றன. ஆகவே தொட்டி வாங்கும்போது அதன் அழகைவிட, அது மண்ணுக்குள் எதைக் கசியவிடும், நீரை எவ்வளவு எளிதில் வெளியேற்றும் என்ற இரண்டையுமே முதலில் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கில் முதலில் விலக்க வேண்டியது சிமெண்ட் தொட்டி. அதிலுள்ள சுண்ணாம்பு ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் சிறிது கரைந்து, மண்ணின் புளிப்புத் தன்மையைக் குறைத்துக்கொண்டே வரும். மற்றச் செடிகளுக்கு நாம் விரும்பி வாங்கும் சுட்ட மண் தொட்டியும் இதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. அதன் சுவர் வழியாக நீர் ஆவியாகும்போது நீரிலிருந்த உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. சில மாதங்கள் பயன்படுத்திய மண் தொட்டியின் விளிம்பை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடியாக உதிர்வது அந்த உப்புதான். உள்ளும் புறமும் மெருகிட்ட பீங்கான் தொட்டியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அதன் அடியில் துளை இருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். துருப்பிடிக்கும் தகர டப்பாக்கள் வேண்டவே வேண்டாம்.

என் பரிந்துரை சாதாரண பிளாஸ்டிக் தொட்டிதான். அது எதையும் உறிஞ்சுவதில்லை, எடை குறைவு, விலையும் மலிவு. நர்சரியில் கிடைக்கும் கறுப்புத் தொட்டியைவிட வெள்ளை அல்லது வெளிர் நிறத் தொட்டி நம் வெயிலுக்கு நல்லது. கறுப்புத் தொட்டி வெயிலில் சூடேறி, வேர்ப்பகுதியை வாட்டிவிடும். அடியில் ஒரே ஒரு துளை மட்டும் இருந்தால், சூடேற்றிய ஆணியால் அடியிலும் பக்கவாட்டின் கீழ்ப்பகுதியிலும் இன்னும் சில துளைகள் இட்டுக்கொள்ளலாம்.

நெப்பந்தஸின் வேர் மயிரிழை போல் மெல்லியது, கறுத்தது, எளிதில் ஒடிவது. கொடி நீண்டு வளர்ந்தாலும் வேர்த்தொகுதி சிறியதாகவே இருக்கும். எனவே இளஞ்செடிக்கு 10 செ.மீ. வாயுள்ள தொட்டியும், வளர்ந்த செடிக்கு 15 முதல் 20 செ.மீ. வரையிலான தொட்டியும் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து அழுகலுக்கு வழிவிடும். குடுவைகள் கீழ்நோக்கித் தொங்கி வளர இடம் வேண்டுமென்பதால், தொங்கும் தொட்டியையும் ஆர்க்கிட் செடிக்கான துளைக் கூடையையும் நான் பெரிதும் விரும்புகிறேன். கூடையில் காற்றோட்டம் மிகுதி என்றாலும் கோடையில் அது விரைவாகக் காய்ந்துவிடும் என்பதால் தினமும் கவனிக்க முடிந்தவர்களே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

வட அமெரிக்கச் சதுப்புநிலங்களைச் சேர்ந்த சர்ரசீனியா என்ற மற்றொரு வகைக் குடுவைத் தாவரத்துக்கு முறை வேறு. அதன் தண்டுக்கிழங்கு பக்கவாட்டில் ஊர்ந்து பரவுவதால் அகலமும், வேர் ஆழமாக இறங்குவதால் குறைந்தது 15 செ.மீ. ஆழமும் வேண்டும், தொட்டியை 2 செ.மீ. அளவு நீர் நிற்கும் தட்டில் வைக்கலாம். நெப்பந்தஸை அப்படி வைத்தால் வேர் அழுகிவிடும்.

எந்தத் தொட்டியானாலும் அதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியும் பெர்லைட் என்ற எடை குறைந்த வெள்ளைக் கனிமத் துகள்களும் கலந்து நிரப்பி, மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ ஊற்ற வேண்டும். தென்னை நார்த்துண்டுகளைச் சேர்ப்பதானால் அவற்றின் உப்பு நீங்கும்வரை பலமுறை ஊறவைத்து அலச வேண்டும். தொட்டி மாற்றும்போது பழைய பாசியை வேரிலிருந்து உரித்தெடுக்க முயலாமல், வேரும் பாசியும் சேர்ந்த உருண்டையை அப்படியே எடுத்துப் புதிய தொட்டியின் நடுவில் இறக்கி, சுற்றிலும் புதுக் கலவையை அழுத்தாமல் நிரப்புங்கள்.