துபாயில் சொந்தக் கம்பெனி தொடங்கி இன்வெஸ்டர் விசா வாங்குவது எப்படி?

துபாய் இன்வெஸ்டர் விசா பற்றி விசாரிப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, "விசாவுக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது இரண்டு: அங்கே என்ன வியாபாரம் செய்யப் போகிறீர்கள்? அதற்கான பணம் இந்தியாவிலிருந்து எந்த வழியில் போகப் போகிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெளிவாக இருந்தால், விசா வாங்குவது ஒரு வேலையே இல்லை. லைசென்ஸ் பெற்ற கம்பெனியில் நீங்கள் பங்குதாரர் என்பதற்காகத் தரும் குடியிருப்பு அனுமதிதான் இந்த விசா. லைசென்ஸைத் தப்பாக எடுத்துவிட்டால், கையில் விசா இருந்தும் பேங்க் கணக்கு திறக்க முடியாமல், சரக்கை இறக்க முடியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

புரிவதற்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒருவர், துபாயின் பழைய கடைவீதிப் பகுதியான தேரா பக்கம் ஒரு கடை எடுத்து, தன் சரக்கை மொத்தமாக விற்க நினைக்கிறார். இந்தியாவில் வசிக்கிறார், துபாயில் இதற்கு முன் வேலை பார்த்ததில்லை. அவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம். வேறு தொழில் செய்பவர்களுக்கும் படிகள் ஏறக்குறைய இவைதான்.

முதல் படி: பாஸ்போர்ட்டில் பெயரைப் பாருங்கள்

நம் ஆட்கள் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். கொடுத்த பெயர் என்ற இடத்தில் 'முருகன்' என்று ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும். ஒரே சொல்லில் பெயர் உள்ள பாஸ்போர்ட்டுகளை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. காலியாக உள்ள இடம் காலியாகவே இருக்கலாம். ஆனால் மற்ற இடத்தில் 'முருகன் சண்முகம்' என்பதுபோல் இரண்டு சொற்களாவது இருக்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட் ஒற்றைப் பெயரில் இருந்தால், அப்பா பெயரைச் சேர்த்து மறுவெளியீட்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். கம்பெனி ஆவணங்கள் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் தயாராகும். எல்லாம் முடிந்தபிறகு பெயரைத் திருத்தினால் ஒவ்வொரு ஆவணத்தையும் திருத்த வேண்டிவரும். பாஸ்போர்ட் இன்னும் 6 மாதத்துக்கு மேல் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: என்ன தொழில், எந்த இடம்

துபாயில் லைசென்ஸ், தொழில் வகையை வைத்துத்தான் தரப்படுகிறது. பொருளாதார, சுற்றுலாத் துறையின் பட்டியலில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் திருப்பூர்க்காரர் எடுக்க வேண்டியது ரெடிமேட் ஆடை வர்த்தகம். "ஜெனரல் டிரேடிங் எடுத்துக்குங்க சார், எல்லாத்தையும் விக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். அதற்குக் கட்டணம் அதிகம். பேங்க்கில், "நீங்கள் உண்மையில் என்னதான் விற்கிறீர்கள்?" என்ற கேள்வியும் கூடவே வரும். செய்யப்போகும் தொழிலை மட்டும் எடுத்தால் போதும். தேவைப்பட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்து, மெயின்லேண்டா, ஃப்ரீ ஜோனா? ஃப்ரீ ஜோன் என்பது தனி விதிகளோடு கம்பெனிகளுக்கென ஒதுக்கிய பகுதி, அதற்கு வெளியே உள்ள ஊர்ச் சந்தைதான் மெயின்லேண்ட். முன்பெல்லாம் மெயின்லேண்டில் கம்பெனி தொடங்க, 51 சதவீதப் பங்கை உள்ளூர்க்காரர் பெயரில் வைக்க வேண்டும். அந்தப் பயத்தால்தான் பலரும் ஃப்ரீ ஜோன் பக்கம் போனார்கள். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. முழுப் பங்கும் உங்கள் பெயரிலேயே இருக்கலாம். ஃப்ரீ ஜோன் லைசென்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஒரு மேசையைப் பகிர்ந்துகொண்டே நடத்தலாம். மென்பொருள், ஆலோசனை, வெளிநாடுகளுக்கு மட்டும் விற்பனை என்றால் அது போதும். தேராவில் கடை திறந்து, வந்து நிற்கும் வாடிக்கையாளருக்கு விற்க வேண்டும் என்றால் மெயின்லேண்ட் லைசென்ஸ்தான் சரி. விலையைப் பார்த்து ஃப்ரீ ஜோன் எடுத்துவிட்டு, கடை வைக்க முடியவில்லையே என்று பின்னால் கவலைப்படுவதில் பயனில்லை.

மூன்றாம் படி: பெயர்ப் பதிவும் கம்பெனி வகையும்

கடைக்கு மத சம்பந்தமான பெயர் கிடைக்காது. ஊரில் இருக்கும் சாமி பெயரை அப்படியே கொண்டுபோக நினைப்பவர்கள் மாற்றுப் பெயர்கள் இரண்டு மூன்றைக் கையில் வைத்திருங்கள். ஆள் பெயரில் கம்பெனி வைப்பதானால் அவர் பங்குதாரராக இருக்க வேண்டும், முழுப் பெயரும் வர வேண்டும், இனிஷியல் கூடாது. பெயர் கிடைத்தபின் இனிஷியல் அப்ரூவல் எனும் முதற்கட்ட ஒப்புதல். இந்த இரண்டும் ஆன்லைனிலேயே முடிந்துவிடும்.

கம்பெனி வகையைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் நிதானமாக இருங்கள். செலவு குறைவு என்று தனிநபர் நிறுவனமாகப் பதியச் சொல்வார்கள். இந்தியாவில் வசிப்பவர் அதில் முதலீடு செய்வது சிக்கல். 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, நீங்கள் பணம் போடும் வெளிநாட்டு நிறுவனம் வரையறுக்கப்பட்ட பொறுப்புடையதாக இருக்க வேண்டும். தனிநபர் நிறுவனத்தில் கடன் உரிமையாளர் தலையில் முழுவதுமாக விழும் என்பதால் அது இந்த வரையறைக்குள் வராது. ஆகவே எல்எல்சி எனும் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கம்பெனியாக எடுங்கள். ஒருவர் மட்டுமே உரிமையாளர் என்றாலும் ஒற்றை உரிமையாளர் எல்எல்சி என்ற வகை அங்கே இருக்கிறது. துபாயில் இருக்கும் ஏஜென்டுக்கு இந்திய விதி தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு, அவர் வேலையும் அதுவல்ல. இதை நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: பணத்தை நேர்வழியில் அனுப்புங்கள்

என் பார்வையில் எல்லாப் படிகளிலும் முக்கியமானது இதுதான். அதிகம் பேர் தாண்டிப்போவதும் இதையே.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனியில் போடும் முதலீடும் இந்த வரம்புக்குள்தான். ஆனால், சொந்தக்காரருக்குப் பணம் அனுப்புவதுபோல் இதை அனுப்ப முடியாது. உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில், வெளிநாட்டு முதலீட்டைத் தெரிவிக்கும் எஃப்சி படிவம் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை ரிசர்வ் வங்கிக்கு அனுப்பி, உங்கள் துபாய் கம்பெனிக்கு யுஐஎன் என்ற தனி எண் வாங்குவார்கள். அந்த எண் வந்தபிறகே பணம் போக வேண்டும். பங்கும் அதன்பிறகே உங்கள் பெயருக்கு வர வேண்டும். அதனால் பெயர்ப் பதிவும் இனிஷியல் அப்ரூவலும் கையில் கிடைத்தவுடன் வங்கிக்குப் போய்விடுங்கள். எல்லாக் கிளைகளிலும் இந்தப் படிவத்தைக் கையாளும் ஆள் இருக்க மாட்டார். ஏற்றுமதியாளர்கள் அதிகம் வந்துபோகும் கிளையாகப் பார்த்துப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும்.

ஒரே ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். அது கூடுதல் வரியாகிவிடாது. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். இருந்தாலும் அதுவரை அந்தப் பணம் முடங்கியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தாக வேண்டும்.

மனைவியின் வரம்பையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்பார்கள். அவரும் அந்தக் கம்பெனியில் பங்குதாரராக இருந்தால் அவர் பங்குக்கு அவர் தனியாக அனுப்பலாம். பங்கு இல்லாதவர் வரம்பை உங்கள் முதலீட்டுக்குச் சேர்க்க முடியாது. க்ரெடிட் கார்டில் முதலீட்டைத் தேய்ப்பது, உண்டியலில் (ஹவாலாவில்) அனுப்புவது, துபாயில் இருக்கும் நண்பரிடம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு இங்கே ரூபாயாகக் கொடுப்பது, எதுவும் வேண்டாம். அன்றைக்குச் சுலபமாகத்தான் இருக்கும். பிறகு துபாய் பேங்க் "இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்கும்போது காட்ட ஒரு தாளும் இருக்காது. அங்கே சம்பாதித்ததை முறையாக ஊருக்குக் கொண்டுவரவும் கஷ்டம்.

பணம் அனுப்பிய 6 மாதத்துக்குள் பங்குச் சான்றை வங்கியில் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையையும் வங்கி வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். இந்திய வரிச் சட்டப்படி நீங்கள் இங்கு வசிப்பவராக இருக்கும்வரை, வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் இந்தப் பங்கைக் காட்டாமல் விட்டால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். வெளிநாட்டு முதலீட்டுக் கணக்கு பார்த்துப் பழகிய ஆடிட்டரை ஆரம்பத்திலேயே பிடித்துவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

ஐந்தாம் படி: கடை, எஜாரி, லைசென்ஸ்

மெயின்லேண்டுக்கு நிஜமான கடையோ அலுவலகமோ வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எஜாரி எனும் துபாய் அரசின் வாடகைப் பதிவில் பதிந்தால்தான் லைசென்ஸ் வேலை நகரும். வாடகையை மாதாமாதம் கொடுக்கும் பழக்கம் அங்கே குறைவு. ஆண்டு வாடகையைச் சில செக்குகளாக, வரப்போகும் தேதிகள் போட்டு, முதலிலேயே வாங்கிக்கொள்வார்கள். உங்களுக்கோ இன்னும் பேங்க் கணக்கே திறந்திருக்காது. எனவே முதல் ஆண்டு வாடகையை எப்படிக் கட்டுவது என்று கடை இடத்தின் சொந்தக்காரரிடம் பேசியபிறகே முன்பணம் கொடுங்கள். கடையின் அளவைப் பொறுத்துத்தான் எத்தனை விசா கிடைக்கும் என்பதும் முடிவாகும். உங்களோடு இரண்டு வேலையாட்களும் வர வேண்டும் என்றால் அதற்கேற்ற இடமாக எடுங்கள்.

பிறகு எம்ஓஏ என்ற கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்து. யாருக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து அதிகாரம் யாருக்கு என்று இதில்தான் எழுதப்படும். பெயருக்கு ஒரு சிறு பங்கு மட்டும் போட்டால் அந்தப் பங்குதாரருக்கு விசா கிடைப்பதில் சிக்கல் வரலாம். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டணம் கட்டினால் லைசென்ஸ் வந்துவிடும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

சரக்கு இறக்குமதி செய்பவர்கள் லைசென்ஸ் வந்த கையோடு துபாய் சுங்கத்தில் இறக்குமதிக் குறியீடும் வாங்குங்கள். 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியா - அமீரக வர்த்தக ஒப்பந்தப்படி இந்திய ஆடைகளுக்கு அங்கே சுங்க வரி இல்லை. இல்லாவிட்டால் 5 சதவீதம் கட்ட வேண்டும். அந்தச் சலுகை கிடைக்க, ஒவ்வொரு சரக்கோடும் இந்தியாவில் வாங்கிய உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் போக வேண்டும். மொத்த வியாபாரத்தில் 5 சதவீதம் எவ்வளவு பெரிய தொகை என்று திருப்பூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாம் படி: விசா

இதுவரை வந்துவிட்டால் மீதி எல்லாம் வரிசையாக நடக்கும். முதலில் கம்பெனிக்கு எஸ்டாபிளிஷ்மென்ட் கார்டு, அதாவது கம்பெனி பெயரில் விசா கேட்பதற்கான அட்டை. அதைக் காட்டி அமர் சென்டர் எனும் விசா சேவை மையத்தில் உங்களுக்கான நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். டைப்பிங் சென்டர்காரர்களே எல்லாவற்றையும் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அடித்த தாளில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி மூன்றையும் நீங்களே ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். நீங்கள் ஏற்கனவே விசிட் விசாவில் துபாயில் இருந்தால், நாட்டை விட்டு வெளியேறாமலே ஸ்டேட்டஸ் சேஞ்ச் எனும் விசா வகை மாற்றம் செய்யலாம். விசிட் விசா முடிந்து தங்கினால் ஒரு நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஓடிக்கொண்டிருக்கும், தேதியை மறக்க வேண்டாம்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை: ரத்தம், நெஞ்சு எக்ஸ்ரே. பழைய காசநோய்த் தழும்பு இருப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் காட்டி, சிகிச்சை முடிந்ததற்கான பதிவுகளைக் கையில் வைத்திருப்பது நல்லது. பிறகு எமிரேட்ஸ் ஐடி எனும் அமீரக அடையாள அட்டைக்குக் கைரேகை. மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டுவதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது எமிரேட்ஸ் ஐடிதான் உங்கள் குடியிருப்புச் சான்று. சாதாரண இன்வெஸ்டர் விசா 2 ஆண்டுக்கு வரும். தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது செல்லாமல் போகும். "விசா மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறேன், ஊரிலிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: பேங்க் கணக்கு

விசா கிடைத்தவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான். லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக எந்த பேங்க்கும் கணக்கு திறந்துவிடாது. உங்களுக்குச் சரக்கு கொடுப்பவர் யார், வாங்குபவர்கள் யார், மாதம் எவ்வளவு வரும், எந்த நாட்டிலிருந்து வரும் என்று கேட்பார்கள். நம் திருப்பூர்க்காரர் காட்ட வேண்டியவை: ஊரில் உள்ள கம்பெனியின் ஜிஎஸ்டி தாக்கல்கள், 6 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், பழைய ஏற்றுமதி இன்வாய்ஸ்கள், துபாயில் வாங்கச் சம்மதித்த இரண்டு கடைகளின் கடிதம், கடையின் எஜாரி, கூடவே இந்திய வங்கி வழியாகப் பணம் வந்த ரசீது. நான்காம் படியை ஒழுங்காகச் செய்தவருக்கு இந்தக் கட்டத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அதற்குக் கீழே போனால் மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆகலாம். அதுவரை சரக்கை ஏற்றிவிட வேண்டாம்.

குடும்பம், வரி, மூடுவது

குடும்பத்தை அழைத்துப்போக நினைப்பவர்கள் திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்க வேண்டும். பல நாடுகளுக்குப் போதுமான அப்போஸ்டில் முத்திரை இங்கே செல்லாது. மாநில அரசு, இந்திய வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரக வெளியுறவுத் துறை என்று நான்கு இடத்தில் முத்திரை வேண்டும். நீங்கள் கிளம்பும் முன்பே சென்னையில் இதை ஆரம்பித்துவிட்டால் அலைச்சல் குறையும்.

துபாயில் வரியே இல்லை என்பது பழைய கதை. 2023 ஜூன் முதல் தொடங்கிய நிதியாண்டுகளில், 3,75,000 திர்ஹாமுக்கு மேல் வரும் லாபத்துக்கு 9 சதவீதம் கம்பெனி வரி உண்டு. லாபமே வராவிட்டாலும் பதிவு செய்தாக வேண்டும். புதிய கம்பெனிக்கு 3 மாத அவகாசம், தவறினால் 10,000 திர்ஹாம் அபராதம். ஆண்டு விற்பனை 3,75,000 திர்ஹாமைத் தாண்டினால் 5 சதவீத வாட் வரிக்கும் பதிய வேண்டும்.

வியாபாரம் சரிவரவில்லை என்றால், லைசென்ஸைப் புதுப்பிக்காமல் அப்படியே விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடாதீர்கள். அபராதம் ஏறிக்கொண்டே போகும், மறுபடி அந்த நாட்டுக்குள் நுழையும்போது அது முன்னால் வந்து நிற்கும். முதலில் வேலையாட்களின் விசா, பிறகு உங்கள் விசா, வரிப் பதிவு, பேங்க் கணக்கு, கடைசியாக லைசென்ஸ் என்ற வரிசையில் ரத்து செய்யுங்கள். எல்எல்சியை மூட, கணக்கு முடிக்கும் லிக்விடேட்டர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். மூடியதும் மிச்சப் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, உங்கள் வங்கியில் அந்த யுஐஎன் எண்ணின் கீழ் முதலீட்டை விலக்கிக்கொண்டதாகத் தெரிவித்துவிடுங்கள்.