போறணைக்குத் தெர்மோகப்பிள் மாற்றுவது: நிறத்தை நம்பாதீர்கள், மீற்றரை நம்புங்கள்

போறணை வைத்த சூட்டில் நிற்குதில்லை, பாண் அடி கருகுது என்று கூப்பிட்டால் பலர் முதலில் கைவைப்பது, சூட்டைப் பார்த்து ஹீற்றரைப் போட்டு நிறுத்துகிற கொன்ட்ரோலரில். அது விலை கூடிய சாமான். நான் முதலில் கழற்றுவது, போறணைச் சூட்டை உணர்கிற தெர்மோகப்பிளின் தலை மூடியை, அதாவது அதன் வயர்கள் கேபிளோடு சேருகிற இடத்தின் மூடியை. யாழ்ப்பாணத்துப் பேக்கரிகளில் நான் பார்க்கிற மின் போறணைகளில் பல, வேறு நாடுகளில் பாவித்துவிட்டு இங்கே வந்தவை. வயர் நிறமும் நாட்டுக்கு நாடு மாறும்.

பிரேக்கரை இறக்குவது, ரெஸ்ரர் வைத்துப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேரே வேலைக்கு வருவோம்.

முதலில் வகை. தெர்மோகப்பிள்களை அவற்றின் உலோகச் சோடியைப் பொறுத்துக் கே, ஜே என்று பிரிப்பார்கள். கே வகைத் தெர்மோகப்பிள் என்றால் கொன்ட்ரோலரின் செட்டிங்கும் கே வகையில் இருக்க வேண்டும். அது ஜே வகையில் கிடந்தால் மற்ற எதைச் செய்தும் பிரயோசனமில்லை.

அடுத்தது பிளஸ், மைனஸ். ஆட்கள் வழுக்குகிற இடம் இதுதான். வயரிங் பழகிய கை சிவப்பைக் கண்டதும் பிளஸில் பூட்டிவிடும். ஆனால் அமெரிக்க முறையில் கே வகைக்கு மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். பழைய ஜப்பான் முறையில் சிவப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். ஐஈசி என்கிற சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். பழைய பிரிட்டிஷ் சாமான் என்றால் மண்ணிறம் பிளஸ், நீலம் மைனஸ். இதையெல்லாம் பாடமாக்க வேண்டாம். ஒரு கேத்தல் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள்.

மல்ரிமீற்றரை டிசி மில்லிவோல்ற்றில் வைத்து, தெர்மோகப்பிளின் நுனியைக் கொதிதண்ணீரில் விடுங்கள். அறைச் சூடு 30 பாகை என்றால் கே வகை ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ற் காட்டும். இலக்கத்துக்கு முன்னால் மைனஸ் குறி வராவிட்டால், மீற்றரின் சிவப்பு முனை தொடுகிற வயர்தான் பிளஸ். உடனே மார்க்கர் போட்டுவிடுங்கள். தசமதானத்துக்கு ஒரு இலக்கமாவது காட்டாத மீற்றரை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள்.

தலையிலிருந்து, கொன்ட்ரோலர் இருக்கிற பனலுக்குப் போகிற கேபிளுக்கும் இதே சோதனைதான். ஒரு முனையில் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி, கொதிதண்ணீரில் தோய்த்து, மறுமுனையில் அளவுங்கள். மீற்றர் பூச்சியத்தை விட்டு அசையாவிட்டால் யாரோ சாதாரண செப்பு வயர் இழுத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கே வகைக்குரிய கேபிள் போடுங்கள்.

கேபிளை ஒரு முனையில் மட்டும் மாறிப் பூட்டினால் பிழை உடனே தெரியும்: போறணை சூடேறச் சூடேற இலக்கம் இறங்கும். இரண்டு முனையிலும் மாறினால்தான் ஆபத்து. இலக்கம் ஏறும், எல்லாம் சரிபோலவே இருக்கும். ஆனால் தலைக்கும் பனலுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு குறைத்துக் காட்டும். தலை 60 பாகை, பனல் 35 பாகை என்று வையுங்கள். வித்தியாசம் 25, பிழை 50. கொன்ட்ரோலரில் 200 என்று நிற்கும்போது உள்ளே 250. பாண் கருகாமல் என்ன செய்யும்?

கொன்ட்ரோலரைச் சோதிப்பது சுகம். தெர்மோகப்பிள் ரேமினல்கள் இரண்டையும் சின்ன வயர் துண்டால் இணைத்துவிட்டுப் பவர் கொடுத்தால் பனலின் சூட்டைக் காட்ட வேண்டும். காட்டினால் கொன்ட்ரோலரின் உள்ளீட்டில் பழுதில்லை, பிழை வெளியே. இந்தச் சோதனையின்போது ஹீற்றர் பிரேக்கர் இறக்கியே இருக்கட்டும்.

பூட்டும்போது தலைக்குள் பீங்கான் ரேமினல்தான் போடுங்கள், பிளாஸ்டிக் உருகும். கடலோரப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் ஸ்குரூ பச்சை பிடிக்கும், மூடியின் வாஷரையும் மாற்றிவிடுங்கள். கேபிளை ஹீற்றர் வயரோடு ஒரே குழாயில் விடாதீர்கள், இலக்கம் துள்ளும்.

பிற்சேர்க்கை: எல்லாம் சரியாகப் பூட்டியும் சூடு ஏறிக்கொண்டே போகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கொன்ட்ரோலரின் அவுட்புட் விளக்கு அணைந்த பிறகும் ஹீற்றருக்கு மின்சாரம் போகிறதா என்று கிளாம்ப் மீற்றரால் பாருங்கள். போனால், ஹீற்றருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்துகிற சொலிட் ஸ்டேட் ரிலே உள்ளே ஒட்டிவிட்டது. அது பழுதாகும்போது பெரும்பாலும் மூடிய நிலையிலேயே, அதாவது மின்சாரத்தை விட்டபடியே, நின்றுவிடும். அதனால் தனி சென்சரோடு சூடு எல்லை மீறினால் வெட்டுகிற ஒரு ஹை லிமிற் தெர்மோஸ்டாட் போட்டு, அது ஹீற்றருக்கு மின்சாரம் கொடுக்கிற கொன்டாக்டரை விழுத்துகிற மாதிரி வயர் பண்ணுங்கள். அது இல்லாத போறணையை இரவில் ஆளில்லாமல் ஓடவிட நான் சம்மதிக்க மாட்டேன்.