மீயொலித் தொட்டியில் பெப்டைடு தொகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெசின் மணிகளின் மேல் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு சங்கிலியை வளர்க்கும் திண்மநிலைப் பெப்டைடு தொகுப்பில் ஒரு அமினோ அமிலத்தைக் கோக்க (கப்ளிங் செய்ய), சாதாரணக் குலுக்கியில் அரை மணி முதல் 2 மணி நேரம் வரை ஆகும். மீயொலித் தொட்டியில் அதே கப்ளிங் பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதை நம்பி நேரத்தை மட்டும் குறைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பழையபடியே செய்பவர்களுக்குத்தான், கடைசியில் ஹெச்பிஎல்சி (கலவையைப் பிரித்துத் தூய்மை பார்க்கும் கருவி) வரைபடத்தில் ஒன்றுக்குப் பதில் நான்கைந்து உச்சிகள் எழும்புகின்றன.

மீயொலி இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது. குமிழ்கள் உருவாகி உடைவதால் ரெசின் மணிகளைச் சுற்றித் தேங்கியிருக்கும் கரைப்பான் படலம் கலைந்து, வினைபொருள் உள்ளே வேகமாகப் போகிறது. கூடவே எல்லாம் சூடாகிறது. முதலாவதுக்காக இந்தக் கருவியை வாங்குகிறோம். இரண்டாவது, நாம் கேட்காமலே வந்து சேர்கிறது. தவறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்து கிளம்புபவை.

வெப்பத்தை அளக்காமல் விடுவது

தொட்டியின் முகப்பில் காட்டும் வெப்பநிலை, சூடேற்றி எவ்வளவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் சொல்லும். சூடேற்றியை அணைத்தே வைத்தாலும் மீயொலி தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். 2 லிட்டர் தண்ணீர் 10 நிமிடத்தில் 5 °செ ஏறினால், 2000 × 4.18 × 5 ÷ 600 என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 70 வாட் உள்ளே இறங்குகிறது. கருவியின் மேல் அச்சிட்ட வாட் எண்ணை விட இந்த எண்தான் குறிப்பேட்டில் இருக்க வேண்டியது. காலையில் 25 °செ வெப்பத்தில் முதல் கப்ளிங்கைத் தொடங்கி, தொட்டியை நிறுத்தாமல் ஓட்டினால், மதியம் எட்டாவது கப்ளிங் 45 °செ தாண்டிய தண்ணீரில் நடக்கும். ஒரே செய்முறை என்று எழுதிவைத்திருப்போம்; நடந்தது இரண்டு வேறு வினைகள்.

சூடு எல்லா அமினோ அமிலத்தையும் ஒரே மாதிரி பாதிக்காது. அலனின், லூசின், வாலின் ஆகியவை தாங்கிக்கொள்ளும். சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் தாங்காது: கிளர்வூட்டிய (வினைக்குத் தூண்டப்பட்ட) நிலையில் காரத்தோடு சூடானால் எல்-வடிவம் அதன் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவமாகத் திரும்பும். நிறை மாறாததால் நிறைமாலை (மூலக்கூறு நிறையைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது. ஹெச்பிஎல்சியில் பிரதான உச்சியின் தோளில் ஒரு சின்ன மேடாகத் தெரிந்தால் உண்டு. இந்த இரண்டுக்கும் டிஐசி–ஆக்ஸிமா என்ற கிளர்வூட்டி இணை போன்ற காரமில்லாத முறையை எடுத்து, தண்ணீரை 25 °செ பக்கத்திலேயே நிறுத்துங்கள். ஆர்ஜினின் இன்னொரு தொல்லை. சூட்டில் அதன் கிளர்வூட்டிய வடிவம் தன்னைத்தானே வளைத்து லாக்டம் என்ற வளையமாகிவிடும். சங்கிலியில் சேராது, ஆனால் போட்ட அளவு வீணாகும். நேரத்தை நீட்டிப் பயனில்லை, புதிதாக இரண்டாம் முறை கப்ளிங் செய்ய வேண்டும்.

அஸ்பார்டிக் அமிலத்துக்கு அடுத்து கிளைசின் வரும் வரிசை இருந்தால், சூடும், அமினோ முனையின் எஃப்மாக் என்ற காப்புக் குழுவை நீக்கும் காரமான பைப்பெரிடினும் சேர்ந்து அஸ்பார்டிமைடு வளையத்தை உண்டாக்கும். நிறைமாலையில் 18 குறைந்த உச்சியும், வளையம் பைப்பெரிடினால் திறந்து 67 கூடிய உச்சியும் தெரிந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். அந்த இடத்தில் கிளைசினின் நைட்ரஜனில் டைமெத்தாக்ஸிபென்சில் காப்பு உள்ள இரட்டை அமினோ அமிலத்தைப் பயன்படுத்துவது செலவுதான், ஆனால் உறுதியான வழி. அதன் பிறகு வரும் ஒவ்வொரு எஃப்மாக் நீக்கத்திலும் இந்த வளையம் உருவாகக்கூடும் என்பதால், ‘அந்த ஒரு படியில் மட்டும் குளிர்வித்தேன்’ என்பது போதாது.

தொட்டிக்குள் குளிர்நீர் ஓடும் செப்புச் சுருள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு படிகளுக்கு ஒருமுறை சூடான நீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, அதே அளவு குளிர்ந்த நீர் ஊற்றுங்கள்.

கலனை எங்கே வேண்டுமானாலும் வைப்பது

தண்ணீரில் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 37 மி.மீ. நிலையலையில் வலுவான இடங்கள் அதில் பாதிக்கு ஒருமுறை, அதாவது 18–19 மி.மீ. இடைவெளியில் வரும். வினை நடக்கும் சிரிஞ்சை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே வலுவான இடத்திலிருந்து செத்த இடத்துக்குப் போய்விடலாம். சமையலறை அலுமினியத் தாளைத் தொட்டியில் செங்குத்தாகப் பிடித்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். தாள் ஓட்டை விழுந்து கிழியும் இடங்கள்தான் வேலை செய்யும் இடங்கள். அந்த இடத்தில் தாங்கியைப் பொருத்தி, தண்ணீர் மட்டத்தையும் கோடு போட்டு வைத்துவிடுங்கள்; மட்டம் மாறினால் இந்த வரைபடமும் மாறும். புதுத் தண்ணீரில் கரைந்த காற்று அதிகம் என்பதால், கலனை இறக்குமுன் 5–10 நிமிடம் வெறுமனே ஓட்டிக் காற்றைப் போக்க வேண்டும்.

கலனின் அடி தொட்டித் தரையைத் தொடக்கூடாது. ரெசின் இருக்கும் பகுதி முழுவதும் வெளித்தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் ஒலியை விழுங்கும். கண்ணாடி நன்றாகக் கடத்தும். பாலிபுரொப்பிலீன் சிரிஞ்சில் செய்து பார்த்த நேரத்தைக் கண்ணாடிக் கலனுக்கோ, கண்ணாடியில் பார்த்ததைச் சிரிஞ்சுக்கோ அப்படியே மாற்றாதீர்கள்.

இன்னொன்று பலரும் எதிர்பார்க்காதது: மீயொலி மட்டும் ரெசினை மிதக்க வைக்காது. மணிகள் அடியில் படிந்து கெட்டியாக உட்காரும், சில சுவரில் கரைப்பானுக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை கலனைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சுவரில் ஒட்டிய மணிகள் ஒரு அமினோ அமிலத்தைத் தவறவிட்டு, அடுத்த கழுவலில் இறங்கி வந்து சேர்ந்துகொண்டால், குறைசங்கிலிப் பெப்டைடு உறுதி.

முனைக்கருவியை ரெசினுக்குள் விடுவது

கலவைக்குள்ளேயே நேராக விடும் 20 கிலோஹெர்ட்ஸ் மீயொலி முனைக்கருவி சக்தி வாய்ந்தது என்பதே இங்கே பிரச்சினை. 1% டைவினைல்பென்சீன் குறுக்கிணைப்பு உள்ள பாலிஸ்டைரீன் மணிகள், உப்பிய நிலையில் மென்மையானவை. முனைக்கு அருகில் அவை உடைந்து தூளாகி ஃப்ரிட்டை (கலனின் அடியில் உள்ள வடிதட்டை) அடைக்கும். வடிகட்டுவது திடீரென்று மெதுவாகிறது, வடிநீர் கலங்கலாக வருகிறது என்றால் மணி உடைந்துவிட்டது. டைட்டானிய முனையும் தேய்ந்து உலோகத் துகளைக் கலவையில் சேர்க்கும். தொட்டியே போதும். காந்தக் கலக்கியையும் சேர்த்துப் போடாதீர்கள், அது மணியை அரைக்கும்.

அவசரத்தில் விட்டுப்போகும் படிகள்

ரெசின் உப்ப டிஎம்எஃப் என்ற கரைப்பானில் 20–30 நிமிடம் கொடுங்கள். உப்பாத மணிக்குள் மீயொலி எதையும் தள்ளிவிடாது. 0.5 மில்லிமோல்/கிராம் ஏற்றமுள்ள (ஒரு கிராமில் சங்கிலி வளரும் இடங்களின் அளவு) 200 மி.கி. ரெசின் என்றால் 0.1 மில்லிமோல், உப்பியபின் அது ஏறக்குறைய 1 மி.லி. இடம் பிடிக்கும். அமினோ அமிலம் 4 சமானம் (ரெசினில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு), அதாவது 0.4 மில்லிமோலை 2 மி.லி. டிஎம்எஃப்பில் கரைத்தால் 0.2 மோலார் கிடைக்கும். கலன் நிறைந்தால் ஒலி நன்றாகப் பாயும் என்று 8 மி.லி. ஊற்றினால் செறிவு நான்கில் ஒன்றாகி, மீயொலியால் கிடைத்த வேகம் அங்கேயே போய்விடும்.

ஹெச்பிடியு என்ற கிளர்வூட்டியைப் பயன்படுத்தினால் அமிலம் 4 சமானத்துக்கு அதை 3.9 என்று சற்றுக் குறைவாகவே வையுங்கள். மிச்சம் இருந்தால் அது நேராகச் சங்கிலி முனை அமினோவைப் பிடித்து அடைத்துவிடும். நிறையில் 98 கூடித் தெரியும், அந்தச் சங்கிலி அதற்குமேல் வளராது.

எஃப்மாக் நீக்கத்துக்கு 20% பைப்பெரிடின். மீயொலியில் ஒரு நிமிடம், பிறகு புதிய கரைசலில் இன்னொரு நிமிடம் பல வரிசைகளுக்குப் போதும். முடிந்ததா என்பதை ஊகிக்க வேண்டாம். இரு வடிநீரையும் சேர்த்து டிஎம்எஃப்பால் 100 மி.லி. ஆக்கி, அதைப் பத்து மடங்கு நீர்க்க வைத்து 301 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். மோலார் உறிஞ்சுகெழு 7800 என்பதால், 0.1 மில்லிமோலுக்கு 0.78 அருகில் வர வேண்டும். நீக்கத்தைச் சுருக்கலாம், அடுத்து வரும் கழுவலைச் சுருக்கக்கூடாது: டிஎம்எஃப்பில் நான்கைந்து முறை. மிஞ்சிய பைப்பெரிடின் கிளர்வூட்டிய அமினோ அமிலத்தைத் தின்றுவிடும். புதிதாகச் சேர்ந்ததன் எஃப்மாக்கையும் கழற்றி, ஒன்றுக்கு இரண்டாகச் சேர வழி செய்யும்.

கப்ளிங் முடிந்ததற்குக் கடிகாரம் சாட்சி அல்ல. பத்திருபது மணிகளை எடுத்துக் கைசர் சோதனை செய்யுங்கள். நீலம் வந்தால் சேராத அமினோ முனை மிச்சம் இருக்கிறது, மறுபடி கப்ளிங். சங்கிலி முனையில் புரோலின் இருந்தால் கைசர் நீலம் தராது, குளோரனில் சோதனைதான். சங்கிலிகள் ஒன்றோடொன்று பீட்டா தாள்களாக ஒட்டிக்கொண்ட வரிசையில் மீயொலியை நீட்டுவதை விட, 0.2–0.3 மில்லிமோல்/கிராம் ஏற்றமுள்ள ரெசினும் சங்கிலியை வளைத்து ஒட்டவிடாமல் தடுக்கும் சூடோபுரோலின் இரட்டை அமினோ அமிலமும் அதிகம் உதவும்.

மூடி, ஆவி, ஈதர்

டைகுளோரோமீத்தேன் 40 °செ அருகிலேயே கொதிக்கும். அதை நிரப்பி மூடிய சிரிஞ்சைத் தொட்டியில் வைத்தால் மூடி தெறிக்கும். டிஐசியும் ஆக்ஸிமாவும் டிஎம்எஃப்பில் சேரும்போது ஹைட்ரஜன் சயனைடு சிறிதளவு உருவாகிறது; ஆகவே தொட்டி ஆவிக்கூண்டுக்குள் இருப்பதே சரி. பெப்டைடை ரெசினிலிருந்து பிரிக்கும் கடைசி வெட்டலில் 95% டிஎஃப்ஏ அமிலத்தை மூடிச் சூடாக்காதீர்கள். பெப்டைடை வீழ்படிவாக்கும் ஈதரைத் தொட்டிக்கு அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்: ஆவியாகும், தீப்பிடிக்கும், கருவியோ மின்சாரத்தில் ஓடுகிறது.

தூய்மை செய்த பெப்டைடு தண்ணீரில் கரைய மறுத்தால் தொட்டியில் வைக்கத் தோன்றும். தண்ணீரில் குமிழ் உடையும்போது ஹைட்ராக்ஸில் உறுப்புகள் உருவாகும். மெத்தியோனின் சல்ஃபாக்சைடாகி நிறை 16 கூடும், சிஸ்டீன்கள் டைசல்ஃபைடாக இணையும். அமிலாய்டு பீட்டா போன்ற இழையாகும் பெப்டைடுகளில் மீயொலியே இழை விதைகளைப் பெருக்கும். முதலில் சிறிதளவு டிஎம்எஸ்ஓ கரைப்பானிலோ, பெப்டைடின் மின்சுமைக்கு ஏற்ப நீர்த்த அசிட்டிக் அமிலத்திலோ அம்மோனியாவிலோ கரைத்துப் பாருங்கள் (சிஸ்டீன், மெத்தியோனின் உள்ளதற்கு டிஎம்எஸ்ஓ வேண்டாம்). மீயொலி வேண்டியே ஆக வேண்டுமென்றால், பனிக்கட்டி போட்ட தொட்டியில் பத்துப் பத்து வினாடியாக.