மோதலுக்குப் பின் கைதிகளை விடுவித்தல்: இடர் மதிப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறை நலப்பணி பயிலும் இளையோரின் மாதிரி அறிக்கைகளைத் திருத்துகிறேன். ஒவ்வொரு குழுவும் முந்தைய குழுவின் பிழைகளையே திரும்பச் செய்கிறது. தேதி, எழுத்துப் பிழைகள் தாமாகவே சரியாகிவிடும்.

பழைய கோப்பை அப்படியே நம்புவது

1948 ஜூன் 16-இல் இவ்வட்டாரத்தில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரித்தானிய ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர், தொழிற்சங்கத்தாரும் அவர்களில் இருந்தனர். விடுதலையான தம் தந்தைக்கு எந்தத் தோட்டத்திலும் வேலைக்குப் பேர் பதியவில்லை என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கூறினார். கோப்பை எழுதியவர் யார், யார் சொல்லி எழுதினார் என்று முதலில் கேளுங்கள்.

வருத்தத்தை அளவுகோலாக்குவது

இன்றும் என்னைப் பொறுமையிழக்கச் செய்வது இத்தவறுதான். வட அயர்லாந்துக் கைதி ஒருவரைப் பற்றிய பயிற்சியில், 'செய்ததற்கு வருந்தவில்லை. ஆகவே ஆபத்தானவர்' என்று ஒரு மாணவி ஒரே வரியில் முடித்துவிட்டார். சாதாரணக் குற்றவாளியை எடைபோடும் முறையை அவர் மாற்றாமல் இங்கே கொண்டுவந்திருந்தார். அங்கே சமாதான ஒப்பந்தத்தின்படி இயக்கக் கைதிகளை முன்கூட்டியே விடுவிக்க வந்த 1998-ஆம் ஆண்டுச் சட்டம் மன்னிப்பைக் கோரவில்லை. போர்நிறுத்தத்தை ஏற்காத இயக்கத்தை இவர் ஆதரிக்கிறாரா, வெளியே சென்றபின் ஆதரிப்பாரா, பயங்கரவாதச் செயலில் ஈடுபடுவாரா, ஆயுள் கைதியானால் பொதுமக்களுக்கு ஆபத்தாவாரா என்றே கேட்டது. போர்நிறுத்தத்தை ஏற்காத இயக்கங்களின் பட்டியலில் எது இடம்பெறும் என்பதை முடிவு செய்தவர் வட அயர்லாந்துக்கான பிரித்தானிய அமைச்சர்; எனவே மதிப்பீட்டின் அடித்தளமே அரசியல் முடிவாக இருந்தது.

அதே ஆண்டு ஜனவரியில், சமாதானப் பேச்சுவார்த்தைக்கான ஆதரவை பிரித்தானிய ஆதரவு இயக்கக் கைதிகள் விலக்கிக்கொண்டபோது, அமைச்சர் மோ மௌலம் மேஸ் சிறைக்கே சென்று அவர்களிடம் பேசினார். அவர்கள் ஆதரவைத் திரும்ப அளித்தனர். வருத்தம் இல்லை என்று அம்மாணவி ஒதுக்கியிருக்கக்கூடியவர்களிடம்தான் அன்று சமாதானத்தின் ஒரு பகுதி இருந்தது. அத்தகையவரைத் தவறாக மதிப்பிட்டு விடுவிக்காமல் நிறுத்திவைத்தால், வெளியே ஆயுதத்தைக் கீழே வைக்கத் தயங்கி நிற்கும் அவருடைய தோழர்கள் அதை ஒப்பந்த மீறலாகவே படிப்பார்கள்.

பாதிக்கப்பட்ட குடும்பங்களை மறப்பது

விடுதலைச் செய்தியை அவர்கள் செய்தித்தாளில் பார்த்து அறியக் கூடாது.

விடுதலையோடு கோப்பை மூடுவது

விடுதலை நிபந்தனைக்கு உட்பட்டது. 1999-இல் வெளிவந்த வட அயர்லாந்தின் பிரித்தானிய ஆதரவு ஆயுதக்குழுத் தலைவர் ஜானி அடேர், 2000 ஆகஸ்டில் மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டார். யார் கண்காணிப்பது, எந்தச் செயலுக்குத் திரும்ப அழைப்பது, அதை எதிர்த்து விடுதலையானவர் எங்கே முறையிடுவது என்ற மூன்றையும் முதல் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.